திறந்து வைத்துவிட்டுப் போகும் மரியாதை

இன்று கும்மிடிப்பூண்டி ஃபேக்டரியில் நான் பார்த்துக்கொள்ளும் சர்வர் மறுபடி நின்றது. ஒரே நேரத்தில் இத்தனை ஃபைல்கள்தான் திறந்திருக்கலாம் என்று அதற்கு ஒரு லிமிட் உண்டு; தாண்டினால் நின்றுவிடும்.

காலை ஷிப்ட் சூப்பர்வைசர் எல்லா டிராயிங் ஃபைல்களையும் தன் கம்ப்யூட்டரில் திறந்தபடியே விட்டுப் போயிருக்கிறார். போனில் கேட்டேன்.

"அடுத்த ஷிப்ட் ஆளு தேடிக்கினு நிக்கக் கூடாதுல்ல சார்?"

அந்த அடுத்த ஷிப்ட் ஆளோ இவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. தன் கம்ப்யூட்டரில் அத்தனையையும் மறுபடி திறந்திருக்கிறார்.

சும்மா கிடக்கும் ஃபைல் தானாக மூடும்படி போன மாதமே செய்திருந்தேன். ஆட்கள் முணுமுணுக்கிறார்கள் என்று அதை எடுக்க வைத்த மேனேஜர்தான் இன்று கத்துகிறார்: "இன்னாய்யா, லிமிட்ட ஏத்தி உட வேண்டியதுதான?"

மோட்டாரை நிறுத்த மாட்டார்களாம். வழிகிறது என்று தொட்டியைப் பெரிதாகக் கட்ட வேண்டுமாம்.

உங்கள் ஆபீசில் தொட்டி எத்தனை மாடி?