அது கொசுப்புழு இல்லை

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று பார்க்க வந்த அசோசியேஷன் செயலாளர், குழாயை விட்டுவிட்டு என் ஹாலில் இருந்த மீன்தொட்டியைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அரை மணி நேரத்தில் எங்கள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம். "மூன்றாவது மாடியில் கொசுப்புழு வளர்க்கிறார்கள். நாளைக்குள் தொட்டியைக் காலி செய்யவும்." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். ஒருவராவது என்னைக் கேட்டாரா?

தொட்டியில் ஏதோ இருந்தது உண்மைதான். கண்ணாடி ஓரமாக, ரவையில் பாதி அளவில், வெள்ளையாகத் தத்தித் தத்தி ஓடியது. என்னவென்று எனக்கும் தெரியாது. ஆனால் அதே தொட்டியில் கப்பி மீன் குஞ்சுகள் பதினொன்று இருந்தன. பிறந்து ஐந்து நாள். மொத்தத் தண்ணீரையும் கொட்டினால் அவை தாங்காது.

தாம்பரத்தில் மீன் வாங்கிய கடைக்குப் போன் செய்தேன்.

"அக்கா, அது பூச்சி. மருந்து தரேன், ஊத்துங்க."

"என்ன பூச்சி?"

"பூச்சின்னா பூச்சிதான்க்கா. இதுக்கெல்லாம் பேர் வெச்சா கூப்புடுவாங்க?"

"மருந்து ஊத்துனா குஞ்சு?"

"பாதி போவும். கப்பிதானே, அடுத்த மாசமே போடும்."

போனை வைத்துவிட்டேன்.

மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை. கழித்த பாகங்களைப் போட ஒரு சிவப்புப் பெட்டி உண்டு. என்ன குறை என்று சீட்டில் எழுதாமல் ஒரு போல்ட்டைக்கூட அதில் போட முடியாது. "சரியில்லை" என்று மட்டும் எழுதினால் சூப்பர்வைசர் சீட்டைத் திருப்பி எறிவார். ஒரு போல்ட்டுக்கு உள்ள மரியாதை பதினோரு உயிருக்குக் கிடையாதா?

வேலைக்கு எடுத்துப்போகும் லென்ஸைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். தலையின் நடுவில் ஒரே ஒரு சிவப்புக் கண். வாலுக்கு இரண்டு பக்கமும் பை பையாக முட்டை. செல்போனில் தேடியதில் பெயர் கிடைத்தது. சைக்ளாப்ஸ். இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். கடிக்காது, பறக்காது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குஞ்சு வந்து அதை விழுங்கிவிட்டுப் போனது. அதுதான் அவற்றுக்குச் சாப்பாடு.

பெயரைப் போட்டுக் குழுவில் எழுதினேன். "மேடம், புழு புழுதான்" என்று செயலாளர் பதில் போட்டார்.

மறுநாள் காலை, கொசு ஒழிப்பு வேலைக்கு வரும் அம்மாவை அவரே மாடிக்குக் கூட்டிவந்தார். அந்த அம்மா தொட்டிக்குள் டார்ச் அடித்தார்.

"இன்னா சார் இது? கொசுப்புழுன்னா தலகீயா தொங்கும். தட்டுனா நெளிஞ்சிகினு கீழ போவும். கப்பி கீற தொட்டில அது எப்டி இருக்கும்? முழுங்கிடாது? வா, உன் வூட்ட காட்டு."

நானும் பின்னாலேயே போனேன். செயலாளர் வீட்டு ஜன்னலில் ஒரு பாட்டில் தண்ணீரில் மணி பிளான்ட். அந்த அம்மா பாட்டிலைத் தட்டினார்.

"தோ கீது பாரு சார், உன் புள்ளிங்கோ!"

வாய்விட்டுச் சிரித்தேன். அடக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

சாயங்காலம் செயலாளர் என் வாசலில் நின்றார். "மேடம், கீழ இருக்கிற தண்ணித் தொட்டிக்கு அந்த மீன் ரெண்டு குடுத்தீங்கன்னா..."

"முதல்ல குரூப்ல எழுதுங்க. அது கொசுப்புழு இல்லைன்னு. அதோட பேரைப் போட்டு."

"முடிஞ்சு போன விஷயம், விடுங்க மேடம்."

கதவைச் சாத்தினேன். இப்போது குஞ்சுகள் பதினொன்றும் வளர்ந்துவிட்டன. அவர் இன்னும் எழுதவில்லை, நான் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. குழாயும் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.