பட்டுத் துணியில் தோல் ஊசி

நான் ஒரு முட்டாள். என் மனைவி ஸ்டெல்லா சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் செக்‌ஷனில் முப்பது வருஷம் சூப்பர்வைசர். நாற்பது மெஷின்களை மிரட்டி ஓட்டியவனை, ரிடையர் ஆன பிறகு ஒரே ஒரு வீட்டு மெஷின் ஓட ஓட விரட்டியது.

1. நண்டு

போனில் ஒரு வீடியோ. ஒரு பெண் வீட்டு மெஷினிலேயே துணியைக் கையால் வளைத்து வளைத்துப் பூப் போடுகிறாள். ஃப்ரீ மோஷன் எம்ப்ராய்டரியாம். ஸ்டெல்லாவின் தங்கை மகளுக்குக் குடியாத்தத்தில் நிச்சயம். அதற்காகத் தங்கை ஸ்டெல்லாவுக்கு எடுத்துக் கொடுத்த பட்டுச் சேலையின் ரவிக்கைத் துணி இன்னும் தைக்காமல் இருந்தது.

"முதுகுல நானே பூ போட்டுத் தர்றேன்" என்றேன்.

"சேலையோட வந்த துணிங்க. கெட்டா வேற கிடையாது."

"முப்பது வருஷ சர்வீஸு. என்னாண்டயே சொல்றியா?"

முதலில் பழைய ஜீன்ஸில் பழகினேன். மெஷினில் துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட வேண்டும் என்றது வீடியோ, இறக்கினேன். பெடலை மிதித்துவிட்டு, துணி தானே நகரும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே இடத்தில் குத்திக் குத்தி, நூல் சுண்டைக்காய் போல உருண்டது. பல்லின் வேலையைக் கைதான் செய்ய வேண்டும் என்று உறைக்க இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் ஒரு பூ வந்தது.

"நண்டா?" என்றாள் ஸ்டெல்லா.

2. பூ உதிர்ந்தது

பட்டில் நண்டு வரவில்லை, நிஜமாகவே பூ வந்தது. துணியை இறுக்கிப் பிடித்த வளையத்தைக் கழற்றி, பெருமையோடு ஒரு உதறு உதறிக் காட்டினேன். பூ தனியாகக் கழன்று தரையில் விழுந்தது. ஓட்டை வழியாக ஸ்டெல்லாவின் முகம் தெரிந்தது. அவள் கத்தவில்லை.

"தங்கச்சி கேட்டா இன்னா சொல்றது?" என்றாள், மெதுவாக.

துணியை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடினேன். அங்கே பார்வதி வீட்டிலேயே எம்ப்ராய்டரி போடுகிறாள். கம்பெனியில் என் லைனில் மெஷின் ஓட்டியவள். என்னிடம் அவள் திட்டு வாங்காத நாள் கம்மி. ஓட்டையைப் பார்த்தவள், என்ன ஊசி போட்டேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"இன்னா சார், தோல் ஊசியா?"

ஜீன்ஸ் தடிமன் என்று நானே மாட்டியது, மாற்ற மறந்துவிட்டேன். தோல் ஊசியின் முனை குட்டிக் கத்தி. பட்டில் இழை இழையாக அறுத்து, பூவைச் சுற்றி ஸ்டாம்பு ஓரம் போல ஓட்டை போட்டிருக்கிறது.

"இத நான் பண்ணியிருந்தா வுட்டிருப்பீங்களா சார்?"

"கேட் வரைக்கும் துரத்தியிருப்பேம்மா."

"அப்ப நீங்க கேட்டாண்ட போய் நில்லுங்க. நான் வேலையப் பாக்கறேன்."

நின்றேன். ஓட்டைக்கு அடியில் ஜரிகைத் துணி ஒன்றை வைத்து, சன்ன ஊசி மாட்டி, ஓரத்தை மறைத்துச் சுற்றிலும் இலை இலையாகப் போட்டுக் கொடுத்தாள்.

தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளே, துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஊசியை மாற்றுங்கள். எத்தனை வருஷ சர்வீஸ் என்று பட்டுக்குத் தெரியாது.

நிச்சயத்தன்று ரவிக்கைப் பூவைப் பார்க்க ஸ்டெல்லாவின் முதுகுக்குப் பின்னால் பெண்கள் கூட்டம். தங்கைதான் முன்னால் நின்று தடவித் தடவிப் பார்த்தாள். பந்தியில் ஸ்டெல்லாவின் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டேன்: "ஓட்டை விஷயத்த யாராண்டயும் சொல்லலையே?"

"முதல்ல சொன்னதே அதான்."