பத்து வருஷ விசாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

விசா நேர்காணலுக்கு நானும் என் மனைவியும் சேர்ந்துதான் போனோம். அமெரிக்காவில் இருக்கும் எங்கள் மகளுக்கு முதல் பிரசவம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்ன வேலை என்று என்னைக் கேட்டார். எழுதுகிறேன் என்றேன். அவளைக் கேட்டார். வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன் என்றாள். அவளுக்குப் பத்து வருஷம் கொடுத்தார்கள். எனக்கு வருத்தம் தெரிவிக்கும் ஒரு தாளைக் கொடுத்தார்கள். எழுத்தைவிடக் கணக்கு நம்பகமானது என்று அந்தக் கண்ணாடிக்கும் தெரிந்திருக்கிறது. வெளியே வந்து இளநீர் குடித்தோம். அவள் என் தாளை வாங்கி நான்காக மடித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள், நான் அதை மறுபடி மறுபடி படிப்பேன் என்று தெரிந்து.

இப்படியாக எங்கள் குடும்பத்தில் கடல் தாண்டும் உரிமை அவள் ஒருத்திக்குத்தான் என்று ஆனது. அதனால்தான் பின்னால் நான் அவ்வளவு கத்தினேன்.

அன்று சாயங்காலமே அவளுடைய அண்ணன் மாடம்பாக்கத்திலிருந்து ஸ்வீட் டப்பாவோடு வந்தார். என் மச்சான். அப்பா காலத்தில் வயலாக இருந்த இடத்தில் இன்று ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். தங்கைக்காக உயிரைக் கொடுப்பார், ஆனால் உயிரைக் கொடுப்பதற்கு முன்னால் பஞ்சாங்கத்தைப் பார்ப்பார். "பத்து வருசம் குட்த்துட்டானா! அப்ப தங்கச்சி பேரன் ஸ்கூலு போறவரிக்கும் அங்கியே குந்திக்கலாம்" என்றார்.

"அப்படி இல்ல மச்சான்" என்றேன். அந்த வாக்கியத்தை அன்று சொல்லத் தொடங்கியவன் பிறகு நிறுத்தவேயில்லை. அப்படி இல்ல மச்சான், விசா என்பது வாசலில் போய்க் கதவைத் தட்டுவதற்கு உள்ள உரிமை, பத்து வருஷம் தட்டலாம். ஒவ்வொரு தடவையும் எத்தனை நாள் உள்ளே இருக்கலாம் என்பது வேறு தேதி, அதை அங்கே விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிதான் போடுவார். ஏரிக்கரையில் நடக்கிறவர்களிடம் சொன்னேன், இஸ்திரி போடுகிறவரிடம் சொன்னேன், பால் வாங்கும் இடத்தில் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டு, "அதான் பத்து வருஷம் இருக்குல்ல சார்" என்றார்கள்.

அவள் போனாள். அதிகாரி ஆறு மாதம் போட்டார். குழந்தை அவசரப்பட்டு மாதம் நிறையுமுன்னே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கைக்குட்டை அளவுக்குக் கிடந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் பால் குடிக்கவே சண்டை போட்டது. ஆறு மாதம் நெருங்கும்போது மகள் வீடியோவில் அழுதாள், அம்மாவை இப்போது அனுப்ப முடியாது என்று. தேதி முடிவதற்குள் மாப்பிள்ளை நீட்டிப்புக்கு விண்ணப்பம் போட்டார். சில வாரத்தில் ஒரு தாள் வந்தது. மகள் அதைப் படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட, மச்சான் சிவன் கோயிலில் அர்ச்சனையே செய்துவிட்டார். "அப்ரூவல் வந்துச்சி" என்ற குரல் பதிவு. பின்னணியில் மணி அடிக்கிறது.

நான் அந்தத் தாளைப் பெரிதாக்கி வரி வரியாகப் படித்தேன். உங்கள் விண்ணப்பம் எங்களுக்குக் கிடைத்தது என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். கூரியர்க்காரரிடம் கையெழுத்துப் போடுகிறோமே, அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. குரூப்பில் சொன்னேன். யாரோ கட்டைவிரல் போட்டார்கள். மச்சான் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "நல்ல காரியம் நடக்கசொல்ல இன்னாத்துக்கு மாப்ள அபசகுனமா பேசுற?" என்றார்.

அவள் முதல் தேதியைத் தாண்டினாள். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை இருக்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். நிலுவை. அந்தச் சொல்லுக்குள் நான் சில மாதங்கள் குடியிருந்தேன். அவள் அங்கே இருக்கிறாள், ஆனால் இருக்கலாம் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. நான் இங்கே செம்பாக்கத்தில் இருக்கிறேன், ஆனால் வீட்டில் இருக்கிற மாதிரி இல்லை. குழம்பு வைத்தால் உப்பு மறந்தது, எழுத உட்கார்ந்தால் எந்த வாக்கியமும் முற்றுப்புள்ளிக்கு வர மறுத்தது, மேலே மீனம்பாக்கத்துக்கு இறங்குகிற ஒவ்வொரு விமானத்தையும் அண்ணாந்து பார்த்து, அதில் அவள் இல்லை என்று தெரிந்தே பார்த்து, கழுத்து வலிதான் மிச்சம்.

கடைசியில் உண்மையான அனுமதி வந்தது. அதில் மட்டும் எத்தனை தேதிகள்! விண்ணப்பம் கிடைத்த தேதி, கடிதம் அச்சடித்த தேதி, எது முதல் என்ற தேதி. கீழே, கிழித்துப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ள வேண்டிய துண்டில், எதுவரை என்ற தேதி. அந்தக் கடைசித் தேதி ஒன்றுதான் உயிர். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சனிக்கிழமைக்கு டிக்கெட் போடச் சொன்னேன். மச்சான் தன் கடைக்கு எதிரே இருக்கும் டிராவல்ஸில் போட்டார். நான் காலண்டரில் வட்டம் போட்டேன். குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது குரூப்பில் மச்சானின் செய்தி: சனிக்கிழமை கிழக்கே சூலம், அதற்கு முன்னால் அஷ்டமி நவமி, ஆகவே டிக்கெட் அந்தச் சனிக்கு அடுத்த புதன்கிழமைக்கு மாற்றப்பட்டது. கீழே கும்பிடும் கைகள், ஒரு தாமரை.

வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"இன்னா மாப்ள, மூஞ்சி இப்டி கீது? டீ சொல்லவா?"

"டிக்கெட்ட யாரைக் கேட்டு மாத்தினீங்க மச்சான்?"

"பஞ்சாங்கத்த கேட்டேன். பச்சக் கொயந்த கீற வூட்லேந்து ஒரு பொம்பள சூலத்துல கெளம்புனா கொயந்தைக்கு ஆவுமா? ஏற்கெனவே அது தட்டுத்தடுமாறிப் பொயச்சிகினு கீது."

"ஞாயித்துக்கிழமையோட அவளுக்கு அனுமதி முடியுது."

"அதான் அப்ரூவல் வந்துச்சே. மேல பத்து வருசம் விசா வேற கீது. ரெண்டு மூணு நாளுக்கு இன்னா, தூக்குலயா போட்ருவான்?"

"தூக்குல போடமாட்டான். அந்தப் பத்து வருஷத்தை அடிச்சிடுவான். ஒரே ஒரு நாள் தாண்டினாலும் விசா செத்துப்போச்சு. மறுபடி கண்ணாடி முன்னால நிக்கணும், ஏன் தாண்டினேன்னு கேப்பான். எனக்கு என்ன சொன்னானோ அதையே அவளுக்கும் சொல்லுவான். அப்புறம் அந்தக் குழந்தைய போன்லதான் பாக்கணும்."

குழாய் வாங்க வந்திருந்த ஒருவர் திரும்பினார். "எங்க சகல பையன் பதினஞ்சு வருசமா அங்கதான் கீறான். ஒண்ணும் ஆவல சார்."

"பாத்தியா" என்றார் மச்சான்.

எனக்கு வந்த கோபத்தில் பூகோளத்தைப் பிடித்தேன். "அமெரிக்காவிலேருந்து நமக்கு எது கிழக்கு? உலகம் உருண்டை. மேற்கால போனாலும் இங்கதான் வந்து சேரும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப மேக்கால போற பிளேன்ல போடு. சனிக்கெயம மேக்குக்கு சூலம் கெடயாது."

நான் செத்தேன். ஏனென்றால் அவள் விமானம் வளைகுடா வழி, சுத்தமான கிழக்கு. அதைவிட மோசம், மேற்கு வழியாக ஏதாவது இருக்கிறதா என்று நான் டிராவல்ஸில் போய்க் கேட்டேன். இருந்தது. வெள்ளிக்கிழமைதான் கிளம்பியது. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டேன். அங்கே காலை, இங்கே விளக்கு போடும் நேரம். மடியில் குழந்தை, இப்போது கன்னம் வைத்திருந்தது. "புதன்கிழமை கிளம்பினா உன் விசா போச்சு" என்றேன்.

"தெரியுதுங்க. மாப்பிள்ளையும் நேத்து தலையில அடிச்சுக்கிட்டார்."

"அப்புறம் என்ன?"

"அண்ணன் குழந்தைக்குன்னு சொல்றார். நான் மீறிக் கிளம்பி, அப்புறம் இதுக்கு ஒரு சளி புடிச்சாகூட, என் மனசு என்ன பாடுபடும்? உங்களுக்குத் தேதி. எனக்கு ரெண்டும்."

தாளில் உள்ளதை எல்லாம் படித்துவிட்டேன், இது எந்தத் தாளிலும் இல்லை. வாயில் வந்ததைச் சொல்லிக் கத்தினேன், உன் அண்ணனுக்கு பஞ்சாங்கம் தவிர என்ன தெரியும் என்று. குழந்தை முழித்துக்கொண்டு வீல் என்றது. அவள் தட்டிக்கொண்டே வேறெங்கோ பார்த்தாள். டியூஷன் பிள்ளைகள் கணக்கைத் தப்பாகப் போட்டு நிற்கும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"ஏங்க, அண்ணன் காசிக்குப் போனப்ப நாள் சரியில்லன்னு என்ன பண்ணினார்?"

ஞாபகம் வந்தது. கிளம்புவதற்கு முன்னாலேயே ஒரு நல்ல நாளில் துணிப்பையைக் கொண்டுபோய்க் கடையில் வைத்தார். பரஸ்தானம். பை வாசற்படி தாண்டினால் ஆள் கிளம்பிவிட்டதாகக் கணக்கு, பிறகு எந்த நாளில் ரயில் ஏறினாலும் தோஷமில்லை.

"எதிர் வீட்டுல ஒரு தெலுங்குக்காரங்க இருக்காங்க. இந்தப் புதன்கிழமையே என் பெட்டிய அங்க வெச்சிடறேன். சனிக்கிழமை ஏறிடறேன். டிக்கெட்ட பழையபடி மாத்தச் சொல்லுங்க."

மச்சானிடம் சொன்னேன். போனில் ஸ்பேனர் எதுவோ கீழே விழுந்த சத்தம். "அட, அத்ததான் நானே சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். உடனே அடுத்தது: "பொட்டிய எந்த நேரத்துல வெக்கணும்? அங்கத்திய டைமா, நம்ம தாம்பரம் டைமா?"

"ரெண்டு டைமுக்கும் நல்ல நேரமா பாருங்க" என்றேன். ஒரு நாள் முழுக்கப் பார்த்துக் கண்டுபிடித்தார். எதிர் வீட்டம்மாவுக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லையாம், பெட்டியைப் பார்த்ததுமே நகர்ந்து வழி விட்டாராம். படம் வந்தது. யாரோ ஒருவருடைய செருப்பு அலமாரி பக்கத்தில் சிவப்புப் பெட்டி, கைப்பிடியில் மஞ்சள் துணி, என் மனைவியை விட நிம்மதியாக நின்றது. பழைய சனிக்கிழமை டிக்கெட் போயிருந்தது. கூடுதலாக ஓர் இடத்தில் இறங்கி ஏறும் ஒன்றுதான் கிடைத்தது. அவள் ஏறிவிட்டாள், விமானம் கிளம்பிவிட்டது என்று மகள் சொல்லும்வரை நான் ஏரியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். ஆகாயத்தாமரை மூடிய தண்ணீர், ஒரு அடி நகராத தண்ணீர், அதன்மேல் எனக்குக் கடுப்பாகக் கூட இருந்தது.

திங்கட்கிழமை காலையில் வந்தாள். இளைத்திருந்தாள், காலெல்லாம் வீங்கியிருந்தது. விமான நிலையத்திலிருந்து காரில் அழைத்துக்கொண்டு ரேடியல் ரோடில் திரும்பி, கீழ்க்கட்டளை சிக்னலில் நிற்கும்போது அண்ணன் போன்: "மாப்ள, ஏழரைக்கு மேல ராகு காலம். ஒம்போது வரிக்கும் வூட்டுக்குள்ள வுட்றாத. நான் ஆரத்தியோட வாசல்ல கீறேன்."

சிக்னல் விழுந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஹாரன். ஒரு நாட்டிலிருந்து கெடுவுக்குள் அவளை வெளியே எடுத்தாயிற்று. இனி சொந்த வீட்டுக்குள் விடத் தேதி வாங்க வேண்டும்.

தெருவுக்குள் நுழையும்போது எட்டு கூட ஆகவில்லை. மச்சான் தட்டோடு கேட்டில் குறுக்காக நின்றார். கண் கலங்கியிருந்தது. "வா தங்கச்சி. இன்னும் கொஞ்ச நேரம் வண்டியிலயே குந்திக்கினு இரு."

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். "அண்ணா, எனக்கு பாத்ரூம் போகணும்."

"ராகு காலம்மா!"

"பெட்டி போனப்பதானே நான் போனதா கணக்கு? அப்ப பெட்டி வரும்போதுதான் நான் வந்ததா கணக்கு. பெட்டி வண்டியிலயே இருக்கட்டும். ஒன்பது மணிக்கு அதுக்கு ஆரத்தி எடுங்க."

அண்ணனைச் சுற்றிக்கொண்டு விறுவிறு என்று உள்ளே போய்விட்டாள். மச்சான் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிக்கியைப் பார்த்தார். மறுக்க வழியில்லை, அவர் போட்ட வழிதான்.

நானும் இறங்கக் கதவில் கை வைத்தேன்.

"நீ எங்க மாப்ள வர்ற? பொட்டிய தனியா வுடக்கூடாது. கூட குந்து."

குந்தினேன். வெயில் ஏறியது. உள்ளே குழாய் ஓடும் சத்தம், அவள் என் சமையலறையைத் திறந்து பார்த்து ஐயோ என்று சொல்லும் சத்தம், பாத்திரச் சத்தம். அடுத்த தை மாதம் குழந்தைக்கு ஆண்டு நிறைவு, அதற்குப் போக அவளுக்கு விசா உயிரோடு இருக்கிறது. எனக்கு இந்தச் சிவப்புப் பெட்டி. மச்சான் ஜன்னலில் குனிந்து சொம்பில் மோர் நீட்டினார். "இன்னும் கொஞ்சந்தான் கீது. அதுக்குள்ள நீயும் இன்னொரு தபா விசாவுக்குப் போடு மாப்ள. நல்ல நாளா நான் பாத்துத் தரேன்."