அமிர்தவள்ளி அக்கா ஊசியைப் பற்றிச் சொன்னது

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் லைன் ஓடும்போது பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் காதில் விழாது. அமிர்தவள்ளி அக்கா பேசினால் விழும். அந்தக் குரலுக்காகவே அவரை சூப்பர்வைசர் ஆக்கினார்கள் என்று கேலி செய்வோம். புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. தம்பி டேனியலின் மகள் ஜாஸ்மின்தான் அவருக்கு உலகம். லீவு கேட்பதிலிருந்து வீட்டுச் சண்டை வரை எல்லாம் அக்காவிடம்தான் போகும். அவர் சொன்னால் சொன்னதுதான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு தொண்டு அமைப்பு எங்கள் தெருவில் முகாம் போட்டது. பெண்பிள்ளைகளுக்குப் பின்னால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் இருக்க ஊசி. காலையில் சாப்பிடாமல் வந்த ஒரு பெண் வரிசையில் மயங்கி விழுந்தாள். ஊசி போடுவதற்கு முன்பே விழுந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அக்கா எங்கள் லைன் வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பிவிட்டார்.

"நான் அமிர்தவள்ளி பேசறேன். அந்த ஊசியப் போட்டா நாளைக்குக் கொழந்த நிக்காதாம். யாரும் போடாதீங்க. நம்ம பொண்ணுங்கள நாமதான் பாத்துக்கணும்."

நான் அதை ஆறு குழுவுக்கு அனுப்பினேன். மாமியாருக்கும் போட்டுக் காட்டினேன். மறுநாள் முகாமில் நர்சுகள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் பேச்சு திருப்பத்தூர் வரை போயிருக்கிறது என்று சாப்பாட்டு நேரத்தில் சிரித்துக்கொண்டோம். அறிவுகெட்ட சிரிப்பு.

போன வருடம் அக்காவுக்கே அந்த நோய் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முற்றிப்போயிருந்தது. பார்க்கப் போன என்னிடம் அக்கா சொன்னார்:

"ஒரு கிருமியால வர்றதாம் பில்கிஸ். சின்ன வயசுல ஊசி போட்டா பெரும்பாலும் தடுத்துடலாமாம். நம்ம காலத்துல ஏது அது, என் கதைய வுடு. அத்தன பொண்ணுங்களுக்குக் கெடைக்க வேண்டியத நான் கெடுத்துட்டேனே."

அந்தச் சமயம் பள்ளிக்கூடத்தில் பதினாலு வயதுப் பெண்களுக்கு அதே ஊசி என்று படிவம் கொடுத்தார்கள். பெற்றோர் கையெழுத்து வேண்டும். முன்னால் சொன்னது தப்பு, எல்லோரும் போடுங்கள் என்று அக்கா மறுபடி பேசி அனுப்பினார், மூச்சு வாங்கி, நிறுத்தி நிறுத்தி. குழுவில் கைகூப்பிய பொம்மைகள் வந்தன. முழுதாகக் கேட்டவர்கள் எத்தனை பேரோ. நான் கேட்டேன். மாமியாருக்குத் தெரியாமல் என் மகள் லுப்னாவின் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒரு நாள் கை வலித்தது, அவ்வளவுதான். அக்காவிடம் மட்டும் சொன்னேன். ஆனால் அந்த இரண்டாவது பேச்சை ஒருவருக்கும் அனுப்பவில்லை. மாமியார் காதுக்குப் போனால் வீட்டில் பேஜார்.

ஜாஸ்மினின் படிவத்தில் கையெழுத்து விழவில்லை. கடைசி நாளன்று அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு நடந்தார். தம்பி மனைவி ஷர்மிளா போனை எடுத்து அந்தப் பழைய பேச்சைப் போட்டாள். வீடு அதிர்ந்தது.

"அது பொய்ம்மா. தெரியாம சொல்லிட்டேன். கையெழுத்துப் போடு, உன் கால்ல வுழறேன்."

"அப்போ நல்லா இருந்தீங்க அண்ணி, தெளிவா சொன்னீங்க. இப்ப ஒடம்பு முடியாம மனசு கொழம்பிப் போய் இருக்கீங்க. நான் இன்னாத்த நம்பறது?"

அக்கா என்னைப் பார்த்தார். என் மகளுக்குப் போட்டாயிற்று, நன்றாக இருக்கிறாள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஷர்மிளாவும் என் மாமியாரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள். நான் தரையைப் பார்த்தேன். அக்காவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. படிவம் அப்படியே பைக்குள் போனது.

மூன்று மாதத்தில் அக்கா போய்விட்டார்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்குப் போனேன். எல்லோரும் கலைந்த பிறகு டேனியல் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அக்கா பேசினது எங்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு" என்று பழையதைப் போட்டார். ஜாஸ்மின் அப்பாவின் தோளில் சாய்ந்து கேட்டு அழுதாள். அவளுக்கு இன்னும் ஊசி போடலாம், வயது ஒன்றும் கடந்துவிடவில்லை. நான் சொல்லாததை அக்காவே சொல்லட்டும் என்று இரண்டாவது பேச்சை அங்கேயே டேனியல் போனுக்கு அனுப்பினேன். கோழைக்கு அவ்வளவுதான் முடியும்.

ஐந்து விநாடி கேட்டார். இருமல் வந்த இடத்தில் நிறுத்திவிட்டார்.

"இது வேணாம் பில்கிஸ். எங்க அக்கா மாதிரியே இல்ல."

பழையதை மறுபடி முதலிலிருந்து போட்டார். 'நான் அமிர்தவள்ளி பேசறேன்' என்று அக்கா தெளிவாக ஆரம்பித்தார்.