இன்னொரு காதுக்கு

சின்னாளப்பட்டியிலிருந்து திண்டுக்கல் போகும் காலை பஸ்ஸில், வெண்தாடி வைத்த தோல் வியாபாரி ஒருவர் என் பக்கத்தில் உட்காருவார். கைபேசியில் கதை கேட்பார். ஒரு நாள் விண்கலம், மறுநாள் காவியப் போர். இயர்போனின் ஒரு முனை அவர் காதில் இருக்கும். இன்னொன்று பக்கத்தில் இருப்பவருக்காக உள்ளங்கையில். கண் மங்கி வாசிப்பை இழந்திருந்த எனக்கு, அவர் சிரிக்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

“செத்த நேரம் கேளுங்க சார், ராக்கெட்டு இப்பத்தான் கெளம்புது.”

“நான் புத்தகத்தைக் கையில எடுத்துப் படிச்சவன் பாய். காதுல வாங்குறதெல்லாம் படிப்பா?” என்றேன், பொறாமையில்.

“படிப்புன்னு யாரு சார் சொன்னா? வழித்துணைக்குத்தான்,” என்று கையை மடக்கிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அவர் முன் இருக்கையில் உட்கார்ந்தார். அப்படி நான் பேசியிருக்க வேண்டாம்.

இப்போது நானும் இயர்போன் வாங்கிவிட்டேன். கதைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் டிக்கெட் கொடுத்து முடித்த கண்டக்டர் அவர் பக்கத்தில் அமர்ந்து, அந்த இன்னொரு முனையை வாங்கிக் காதில் வைத்ததும் இருவரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். அதற்குப் பிறகு என் கதை எனக்குக் கேட்பதில்லை.