கனகவடிவின் கால் பெருவிரல்

என் அத்தான் சங்கிலிபூதத்தான் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் குறைவு. சோறு உண்ணும்போதும் ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடந்தால் ஊரே உட்கார்ந்து கேட்கும். அத்தான் மட்டும் காணாமற்போன கன்றைத் தேடுகிறவர் மாதிரி கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். தூக்கமும் அப்படித்தான்.

"படுக்கும்போது பாயிலதான் படுப்பாக. விடிஞ்சு பாத்தா அடுப்படியில கெடப்பாக" என்பாள் என் மூத்த அக்கா செல்லக்கிளி. அவளுக்குத்தான் அவர் தாலி கட்டியிருந்தார்.

பாபநாசத்து அடிவாரத்தில் எங்கள் ஊர். அத்தானுக்கு வண்டி ஓட்டும் பிழைப்பு. உடன்குடியில் கருப்பட்டிச் சிப்பம் ஏற்றிப் பேட்டைச் சந்தையில் இறக்கிவிட்டு வீடு திரும்புவார். ஆனால் அந்தப் பாதை நெடுக அவரை வண்டிக்காரர் என்று யாரும் சொல்வதில்லை. "அன்னா கனகவடிவு போறாரு" என்பார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலில் திருநெல்வேலிச் சீமையையே ஒரு கலக்குக் கலக்கிய பாட்டு நாடகம் 'கனகவடிவு.' கதை நம்முடையதல்ல, இத்தாலி தேசத்தது. பாளையங்கோட்டை வேதக்கோயிலில் ஆர்மோனியம் வாசித்த கிருபைராஜ், ஒரு துரைசானி வீட்டுப் பாட்டுப்பெட்டியில் இத்தாலிக்காரி ஒருத்தி பாடியதைக் கேட்டார். அவள் என்ன பாடுகிறாள் என்று கேட்டதற்கு, "சாகிறாள், சாகும்போது பாடுகிறாள்" என்றாளாம் துரைசானி. கிருபைராஜ் அந்த மெட்டைக் காதிலேயே சுமந்துகொண்டு வந்துவிட்டார். அவருடைய கூட்டாளியான நாடக வாத்தியார் அதற்குத் தமிழில் பாட்டுக் கட்டி, கப்பலேறிப் போன புருஷனுக்காகக் காத்துக் காத்து, அவன் வந்து சேரும் விடியற்காலையில் அவன் மடியிலேயே உயிர் விடும் கனகவடிவு என்று கதையைச் சோடித்துவிட்டார்.

ராஜபார்ட் கொம்பையா, பபூன் தளவாய், ஸ்திரீபார்ட் எங்கள் சங்கிலி. அப்போது அவருக்கு மீசை சரியாக முளைக்காத வயது. கொட்டகையின் கடைசி மூலையில் குந்தியிருப்பவன் காதிலும் விழவேண்டும் என்றால் ஐந்தரைக் கட்டை சுருதியில் பாடவேண்டும். அவர் அதற்கு மேலும் போவாராம். சாகும் பாட்டு முடிந்து கனகவடிவின் தலை சாய்ந்ததும் ஜனங்கள் "ஒன்ஸ்மோர்!" என்று கூப்பாடு போடுவார்கள். கேட்டுவிட்டால் எழுந்து பாடியே தீரவேண்டும், அது மேடை தர்மம். கனகவடிவு எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, முதலிலிருந்து பாடி மறுபடி சாவாள். சில நாள் மூன்று தரம்கூடச் செத்திருக்கிறாள்.

ஒரே ஒரு குறை. செத்த பிறகு அத்தானால் அசையாமல் கிடக்க முடியாது. விரல் துடிக்கும், தோள் குலுங்கும். சில நாள் கூட்டம் வாய் திறக்குமுன்பே எழுந்து உட்கார்ந்துவிடுவார். தளவாய் திரைக்குப் பக்கத்திலிருந்து, "கொஞ்சம் பொறும்மா தாயி! அவுக கேக்கட்டும், அதுக்குள்ள என்ன அவசரம் பொணத்துக்கு?" என்பான். கொட்டகை சிரித்து உருளும்.

பிறகு வாத்தியார் காலராவில் போனார். கம்பெனி சிதறியது. அத்தான் மாட்டு வண்டிக்கு வந்தார், கலியாணம் செய்துகொண்டார். அக்கா அவரை மேடையில் பார்த்ததே இல்லை.

கம்பெனி சிதறி எட்டு வருஷம் ஆகியிருந்தது. நான் பி.ஏ. தேறி ஊருக்கு வந்த வருஷம் அது. எங்கள் ஊரில் அதுவரை யாரும் அந்தப் படியில் கால் வைத்ததில்லை என்பதால், எதைப் பற்றியும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பது வழக்கமாகியிருந்தது. பேட்டைச் சந்தைக்கு அத்தானோடு வண்டியில் போயிருந்தேன். சிப்பம் இறக்கிக்கொண்டிருக்கும்போது கொட்டகைக் கண்டிராக்டர் பீர் மைதீன் ராவுத்தர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார்.

"வே சங்கிலி, கனகவடிவைத் திரும்பப் போடப் போறேன். புதுசு புதுசா எத்தனையோ போட்டுப் பாத்தாச்சு. பேட்டைக்காரனுக்கு அதுதான் வேணுமாம். கொம்பையா வாரான், தளவாய் வாரான், கிருபைராஜ் அய்யாவும் சரின்னுட்டாரு."

அத்தானின் கையிலிருந்த சிப்பம் அப்படியே நின்றது. "கனகவடிவு ஆரு மொதலாளி?"

"மதுரைக் கம்பெனியில இருந்து பரமசிவன்னு ஒரு பையனைப் பேசியிருக்கேன். இருவது வயசு. கொரலு வெங்கலம்."

அத்தான் வண்டியைச் சுற்றி நடந்தார். மறுபடியும் சுற்றினார். மாடுகளுக்கே தலை கிறுகிறுத்திருக்கும். கடைசியில் ராவுத்தரே இறங்கிவந்தார்.

"சரிவே, முத ராத்திரி நீ ஆடு. சாகுத பாட்டுக்கு ஜனங்க ஒன்ஸ்மோர் கேட்டா, ஆட்டம் நடக்குத வரைக்கும் வேஷம் உனக்கு. கேக்கலேன்னா சேலையைக் கழட்டிப் பரமசிவன்கிட்ட குடுத்துட்டு வண்டியைப் பூட்டிக்கோ. என்ன சொல்லுத?"

"கேப்பாக மொதலாளி" என்றார் அத்தான்.

அன்று மாலையே கிருபைராஜ் வீட்டில் குரலைப் பார்த்தார்கள். மாட்டை அதட்டி அதட்டி, தேரிக்காட்டு மணற்காற்றை விழுங்கி விழுங்கி, தொண்டை கரடாகியிருந்தது. ஐந்தரைக் கட்டையில் முதல் தரம் பாடினார். நரம்பெல்லாம் புடைத்தாலும் பாட்டு வந்தது. பழைய குரலில் இல்லாத ஒரு ஈரம்கூட அதில் இருந்தது. இரண்டாம் தரம் ஆரம்பித்தார். பாதியில் குரல் கிழிந்து, காற்று மட்டும் வந்தது.

கிருபைராஜ் ஆர்மோனியத் துருத்தியை மூடினார். "ஒரு தரம் செத்துருவேரு. ரெண்டாம் தரம் சாக ஒம்மகிட்ட சீவன் இல்ல."

"நாலு கட்டையில வாசிச்சா?"

"கடைசியில இருக்குதவன் கேக்கலேன்னு செருப்பைத் தூக்குவான். நான் அதுக்கு ஆளு இல்ல."

இதுதான் அத்தானுக்கு வந்த வினை. ஒன்ஸ்மோர் கேட்காவிட்டால் வேஷம் போச்சு. கேட்டுவிட்டால் மானம் போச்சு. அதற்குப் பிறகு ஆட்டம் வரையிலும் அவர் கால் தரையில் நிற்கவில்லை. சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு என்று எதையாவது வாயில் அடக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போவார், பாதியில் திரும்புவார்.

"மாப்ளே, நீ படிச்சவன். இத்தாலியில செத்தவளை எந்திரிக்கச் சொல்லுவாகளாலே?"

அங்கேயும் பாட்டுப் பிடித்துவிட்டால் மறுபடி பாடச் சொல்லுவார்கள் என்று புத்தகத்தில் படித்திருந்ததைச் சொன்னேன்.

"பாடுவாகளா?"

"பாடுவாங்க அத்தான்."

"சீ, அங்கனயும் இதே எழவுதானா!" என்று சொல்லிவிட்டுத் தெருக்கோடி வரை போய்வந்தார்.

பரமசிவன் நல்ல பையன். ஒத்திகையில் ஓரமாக நின்று, "அண்ணே, உங்க பாட்டைக் கேட்டு நான் படிச்சுக்கிடுதேன்" என்றான். அவன் மரியாதையாகப் பேசப் பேச அத்தானுக்கு எரிச்சல்தான் கூடியது.

ஆட்டத்தன்று அக்காவை வண்டியில் அழைத்துவந்து, பெண்கள் பக்கத்தைப் பிரித்த குட்டை ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் முன்வரிசையில் இடம் பிடித்து உட்காரவைத்தேன். தட்டியை ஒட்டி, ஆண்கள் பக்கம் எனக்கு இடம். மேடையில் கியாஸ் விளக்குகள் உஸ்ஸென்று எரிந்தன. கொம்பையாவுக்குத் தொந்தி விழுந்திருந்தது; கப்பலேறப் போகிறேன் என்று அவர் சொன்னதும் தளவாய், "பாத்து ஏறும்வே, கப்பலு சாஞ்சிரப் போவுது" என்றான். பழைய ஆட்களைக் கண்ட சந்தோஷத்தில் ஜனங்கள் எல்லாவற்றுக்கும் கை தட்டினார்கள். கனகவடிவு வந்தபோது அக்கா என் பக்கம் சாய்ந்து, "இந்தப் பொம்பள யாருலே?" என்றாள். சொன்னதும் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

அத்தான் மற்றப் பாட்டுகளையெல்லாம் சிக்கனமாகப் பாடினார். குரலைக் கடைசிக்காகச் சேர்த்துவைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. கூட்டத்துக்கு அது தெரியுமா? "என்னவே, கருப்பட்டி தொண்டையில கட்டிக்கிடுச்சா?" என்று ஒருவன் கத்தினான். பின்வரிசையில் சிலர் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள்.

கிழக்கு வெளுக்கும் நேரத்தில் கப்பல் திரும்பிவந்தது. கொம்பையா மடியில் கனகவடிவின் தலை. கிருபைராஜ் ஐந்தரைக் கட்டையில் கை வைத்தார்.

அத்தான் பாடினார். என்னால் அதை எழுதிக் காட்ட முடியாது. இத்தாலிக்காரி பாடிய மெட்டுத்தான். ஆனால் உடன்குடிச் சாலையில் தனியாக வண்டியோட்டுகிறவன் வெயிலில் வீட்டை நினைத்துப் பாடுவது போல இருந்தது. படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். கடைசி வரியில் குரல் நூலாக இழைந்து, அறுந்து, தலை சாய்ந்தது.

"ஒன்ஸ்மோர்!"

ஒரு மூலையில் கிளம்பியது. கொட்டகை முழுக்கப் பிடித்துக்கொண்டது. "ஒன்ஸ்மோர்! சங்கிலி, ஒன்ஸ்மோர்!" ராவுத்தர் ஓரத்தில் நின்று கை தட்டினார். கிருபைராஜ் மறுபடி சுருதியைப் பிடித்துக் காத்திருந்தார்.

கனகவடிவு எழவில்லை.

"எந்திலே, கேக்காகல்லா!" என்று கொம்பையா உதட்டை அசைக்காமல் சொன்னது எனக்கே கேட்டது. தோளைக் கிள்ளியும் பார்த்தார். விரல் துடிக்கவில்லை, தோள் குலுங்கவில்லை. தளவாய் எட்டிப் பார்த்துவிட்டு, கேலி ஒன்றும் சொல்லாமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். கூப்பாடு அதட்டலாக மாறியது. "பாடுவே! காசு குடுத்து வந்திருக்கோம்!"

அப்போது தட்டிக்கு அந்தப் பக்கம் அக்கா எழுந்து நின்றாள். நாடகம் பார்த்தறியாதவள் அவள். ஆனால் புருஷனை அறிந்தவள். தூக்கத்தில்கூட ஓயாத உடம்பு அசையாமல் கிடக்கிறது, ஊரே கூப்பிட்டும் எழவில்லை. அவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? மாரில் அறைந்துகொண்டு ஒப்பாரியை எடுத்தாள்.

"சந்தைக்குப் போன மாடு சலங்கை கட்டித் திரும்பிடுமே,
சாமி நீங்க போன வழி தடம்கூடத் தெரியலையே…"

நான் "அக்கா, அக்கா" என்றது யார் காதில் ஏறும்? சாவு வீட்டில் ஒருத்தி குரலெடுத்துவிட்டால் மற்றவள் சும்மா இருப்பது எங்கள் பக்கத்தில் முறையில்லை. பக்கத்திலிருந்தவள் அக்காவின் தோளைக் கட்டிக்கொண்டாள், அவளை இன்னொருத்தி. தட்டிக்குப் பின்னால் பெண்கள் வட்டமாகக் கூடி மாரடித்து அழுதார்கள். அதட்டிய ஆண்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். ஒருவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். கிருபைராஜ் ஆர்மோனியத்தை மூடிக் குனிந்துகொண்டார். படுதா மெள்ள இறங்கியது.

அக்கா படுதாவை விலக்கி மேடைக்குள் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அவள் அத்தான் மேலே விழுந்து புரண்டதும் பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

"ஏளா, பைய அழு. ஜனம் போயிட்டாகளா?"

அக்கா அவர் கன்னத்தில் அறைந்தாள். பிறகு அந்தக் கன்னத்தையே தடவிக்கொடுத்தாள். பிறகு மறுபடி அறைந்தாள்.

ராவுத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். அத்தான் எழுந்து, விலகிய பொய்முடியைப் பிடித்துக்கொண்டே, "ஒன்ஸ்மோர் கேட்டாகளா, இல்லையா மொதலாளி?" என்றார்.

"கேட்டாகவே. நீ எந்திரிக்கலியே!"

"செத்தவ எப்படி மொதலாளி எந்திரிப்பா?"

ராவுத்தர் தாடியை நீவினார். வெளியே போகிற கூட்டம் ஆணும் பெண்ணும் மூக்கைச் சிந்திக்கொண்டு போவதைப் பார்த்தார். "வேஷம் உனக்குத்தான். ஆனா தாயி," என்று அக்கா பக்கம் திரும்பினார், "நாளைக்கும் நீ வந்து அழணும்."

அக்கா சீறினாள். "நான் என்ன தாலியறுத்தவளா? கட்டினவுக கல்லாட்டம் உசிரோட இருக்கையில தெனமும் ஒப்பாரி வைக்கணுமா? இன்னைக்கு வச்சதுக்கே எந்தச் சாமிக்கு என்ன செய்யணுமோ! இந்த வேஷமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வண்டியைப் பூட்டுங்க."

அத்தான் மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். சேலை தடுக்கத் தடுக்க நடந்தார். பரமசிவன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு வருஷம் காத்திருந்து கிடைத்தது கைநழுவிப் போகிறது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. ஆனாலும் அக்காவிடம் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. கடைசியில் முந்தானையை அவிழ்க்கத் தொடங்கினார்.

அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "நிக்க மாட்டியளா ஒரு நிமிசம்!" என்றாள். "நான் வாரேன். ஆனா அழமாட்டேன். செத்த பொறவு கால் பெருவிரலை ஒருக்கா ஆட்டணும். நான் பாக்கணும். ஆட்டலேன்னா மேடைக்கே வந்துருவேன்."

"ஆட்டாம இருக்கத்தானட்டி நான் படாத பாடு பட்டேன்!" என்றார் அத்தான்.

மறுநாள் கொட்டகை கொள்ளவில்லை. பேட்டைப் பெண்கள் அழுவதற்கென்றே பழந்துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். விடியலில் கனகவடிவு பாடினாள், தலை சாய்ந்தாள். ஒன்ஸ்மோர் கேட்டவன் வாயைப் பக்கத்திலிருந்தவனே பொத்தினான். "சும்மா கெடவே, செத்தவளைப் படுத்தாதே." தட்டிக்குப் பின்னால் ஒப்பாரி எழும்பியது.

அக்கா மட்டும் கழுத்தை நீட்டி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேலைக் கரைக்கு வெளியே பெருவிரல் ஒரு தரம் மேலே போய்க் கீழே வந்தது. நிம்மதியாகப் பின்னால் சாய்ந்து, மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளினாள்.

பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "கல்நெஞ்சுக்காரி! ஊரே அழுது, ஒரு சொட்டுக் கண்ணீர் விடுதாளா பாரு!"

"நீ அழுதுக்கோ தாயி" என்றாள் அக்கா, சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே. "எனக்கு வெரலு தெரியுது."