கதவை எண்ணும் ரோஹத்

கோகந்த் நகரில் ரோஹத்தை வேலைக்குக் கூப்பிட்டால் முதலில் அவளுக்கு ஒரு நாற்காலி போட வேண்டும். கருவிப்பையைக் கீழே வைத்துவிட்டு, வாசலைப் பார்த்தாற்போல் உட்காருவாள். மடியில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு கோடு. எழுந்துபோய்த் திறந்தது யார் என்பதற்குக் கோட்டின் பக்கத்தில் ஓர் எழுத்து. ஒரு மணி நேரம் இப்படிப் போன பிறகுதான் இந்த வீட்டுக்கு எந்தப் பெட்டி சரிப்படும் என்று வாயைத் திறப்பாள்.

கதவுப் பூட்டையும் விளக்கையும் கொதிகலனையும் தொலைவிலிருந்தே இயக்க வைக்கும் பெட்டிகளில் இரண்டு வகை கடைத்தெருவில் கிடைத்தன. ஒன்று வெள்ளை. சோப்புப் பெட்டி அளவுதான். வாசல் மணியும் கேமராவும் உண்டு; இணையம் வழியாகப் போனோடு பேசும். உலகத்தில் எங்கிருந்து அழுத்தினாலும் கேட்கும். ஆனால் அதற்கு முதலாளி ஒருவர்தான்; ஒரே ஒரு போனுக்குத்தான் கீழ்ப்படியும். இன்னொன்று சாம்பல் நிற இரும்புப் பெட்டி. பார்க்க அழகில்லை. சுவரில் ஒரு பொத்தான், சாவிக்கொத்தில் தொங்கும் நான்கு ரிமோட்டுகள், உள்ளே ஒரு பேட்டரி. தெருவைத் தாண்டி அதற்கு எதுவும் தெரியாது. கரண்ட் போனாலும் தன் வேலையை விடாது.

ரோஹத் இந்தத் தொழிலை யாரிடமும் கற்கவில்லை. தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுக்கும் வேலையில் இருந்தவள். அதை மூடியபோது கையில் ஒரு திருப்புளியும் மனதில் வயர்களின் நிறங்களும் மிஞ்சின. பழுதான பெட்டிகளை வாங்கி வந்து சமையலறை மேசையில் பிரித்தாள். மூன்றை எரித்தாள், நான்காவது வேலை செய்தது. ஊரில் பாதி ஆண்கள் ரஷ்யாவிலும் கொரியாவிலும் இருந்தார்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் ஆண் தொழிலாளி நுழைந்தால் தெரு பேசும், ரோஹத் நுழைந்தால் தேநீர் வரும். வேலைக்குக் குறைவில்லை. கைதேர்ந்த தொழிலாளியை உஸ்தா என்பார்கள். இவள் உஸ்தா அக்கா ஆனாள். அவள் கணவன் ஹோஷிம் சின்ன வேன் ஓட்டுகிறவன். ஏணி பிடிப்பதும் அவன்தான்.

மவ்ஜூதாவின் வீட்டில் அன்று ஒரு மணி நேரத்தில் பதினேழு கோடுகள் விழுந்தன. பதினேழிலும் எழுந்துபோனவள் மவ்ஜூதா.

அவள் மணப்பெண்களுக்கு உடை தைக்கிறவள். அளவு கொடுக்க வருகிறவர்கள், துணி காட்ட வருகிறவர்கள் என்று காலையிலிருந்து ஆள் நடமாட்டம். போதாததற்கு முற்றத்தில் நல்ல களிமண் அடுப்பு ஒன்று இருந்தது. பக்கத்து நான்கு வீட்டுக்காரர்களும் ரொட்டி சுட அங்கேதான் வருவார்கள். பெரிய இரும்பு வாசலில் ஆள் நுழையும் சின்னக் கதவு முன்பெல்லாம் பகலில் பூட்டாமல் சும்மாதான் சாத்தியிருக்கும். வசந்த காலத்தில் ஒருநாள், மவ்ஜூதா மகள் ஓய்குலை மழலையர் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போயிருந்த அரைமணி நேரத்தில், யாரோ உள்ளே வந்து தையல் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கணவன் இஸ்கந்தர் கொரியாவில் வாங்கிய முதல் சம்பளத்தில் அனுப்பியது அது. அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. இரவல் இயந்திரத்தில் தைத்துக்கொண்டிருந்த மவ்ஜூதாவின் போனில் இப்போது அவன் முகம் தெரிந்தது.

"உஸ்தா அக்கா, வெள்ளைப் பெட்டியையே வச்சிடுங்க. யார் மணி அடிச்சாலும் நான் இங்கேருந்து பார்ப்பேன். தெரிஞ்ச ஆளா இருந்தா திறப்பேன்."

"ஒரு மணி நேரத்துல பதினேழு தடவை திறந்துச்சு தம்பி."

"நீங்க வந்திருக்கீங்கல்ல, உங்களை வேடிக்கை பார்க்க வந்திருப்பாங்க."

"என்னைப் பார்க்க வந்தவங்க கையில எதுக்கு மாவுத் தட்டு?"

மவ்ஜூதா தைப்பதை நிறுத்தவில்லை. "ஓய்குல் அப்பா, என்கிட்ட தைக்க வர்றவங்க வாசல்ல நின்னு உங்ககிட்ட அனுமதி கேட்கணுமா? வீட்டுல நான் இருக்கேன்ல."

"நீ இருந்தும்தானே மிஷின் போச்சு."

இயந்திரம் நின்றது. சொன்ன பிறகு அவனுக்கே அது கனமாகப் பட்டிருக்க வேண்டும், போனில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ரோஹத் நோட்டை மூடினாள். உள்ளே குடியிருப்பவள் கையால் திறக்க முடியாத கதவை அவள் இதுவரை பொருத்தியதில்லை. ஆனால் பயந்துபோயிருப்பவனிடம் வாதாடிப் பயனில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

"பத்து நாள் வெள்ளையை வச்சுப் பார்ப்போம் தம்பி. சாம்பல் பெட்டியும் இங்கேயே அலமாரில இருக்கட்டும். பத்தாம் நாள் நீயே சொல்லு. ஒண்ணே ஒண்ணு. அவசரத்துக்கு ஒரு சாவி மவ்ஜூதா கையில இருக்கும். தீ, நோய், அதுக்கு மட்டும்."

"சரிக்கா. அவசரத்துக்கு மட்டும்."

பத்து நாளுக்குள் ஒரு வியாழக்கிழமை வரும், வியாழக்கிழமை ரொட்டி நாள் என்பதை ரோஹத் சொல்லவில்லை. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது நினைவிருக்க வேண்டும்.

இஸ்கந்தர் வேலை செய்தது பிளாஸ்டிக் மூடிகள் செய்யும் தொழிற்சாலையில். முதல் இரண்டு நாள் உற்சாகமாகத் திறந்தான். மூன்றாம் நாளுக்குள் தெருவே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டது: மணியை அழுத்தினால் இஸ்கந்தர் பேசுவான். பக்கத்து வீட்டு சல்தனத் மாமி சல்லடை கேட்க வந்தாள், திருப்பிக் கொடுக்க வந்தாள், கொடுத்தாயிற்று என்று சொல்லவும் வந்தாள்.

"என்னடா, இளைச்சுப் போயிட்டே."

"மாமி, உங்களுக்கு என் முகம் தெரியாது. எனக்குத்தான் உங்களைத் தெரியும்."

"குரலே இளைச்சுப் போச்சுடா. அங்கே என்ன போடுறாங்க, சோறா?"

"மாமி, மேஸ்திரி பார்க்கிறாரு. உள்ளே போங்க."

"போறேன், போறேன். உன் அத்தை மகளுக்கு வரன் வந்திருக்கு, கேள்விப்பட்டியா?"

வியாழக்கிழமை மவ்ஜூதா அடுப்பை மூட்டினாள். நான்கு பெண்கள் தலையில் மாவுத் தட்டுகளோடு வாசலில் வந்து நின்றார்கள். மணி அடித்தது. கொரியாவில் ஓர் இயந்திரம் மூடிகளை வாயில் அடைத்துக்கொண்டு நின்றுவிட்டிருந்தது. இஸ்கந்தரின் இரண்டு கைகளும் அதற்குள் இருந்தன. மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாவு புளித்துத் துணியைத் தூக்கிக்கொண்டு எழுந்தது.

"சாவி இருக்கில்ல மவ்ஜூதா, திறடி," என்றாள் வெளியே சல்தனத் மாமி.

"அது தீக்கும் நோய்க்கும்தான் மாமி. இது ரொட்டி," என்றாள் உள்ளேயிருந்து மவ்ஜூதா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சற்று நேரத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. மாவுத் தட்டுகளுக்குப் பின்னால் ஒரு மணப்பெண்ணின் தாயும் வந்து நின்றிருந்தாள். மகளின் உடைக்குக் கடைசி அளவு பார்க்க வந்தவள். வெயிலில் கால்மணி நேரம் நின்றுவிட்டு, "தைக்கிற வீட்டுக் கதவைத் திறக்கக் கொரியாலேருந்து ஆள் வரணுமா? துணியைக் கொடுத்தனுப்பு," என்று கதவிடமே சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மவ்ஜூதா சாவியை எடுத்து ஓடியபோது அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.

அன்று சாயங்காலமே ரோஹத்துக்கு அழைப்பு வந்தது. அவள் போய் உட்கார்ந்ததும் மவ்ஜூதா போனைத் தேநீர்க் கெண்டியில் சாய்த்து வைத்தாள். அவள் சத்தம் போடவில்லை.

"மிஷின் போனது என் தப்புன்னு நெனைக்கிறீங்க. இருக்கட்டும். ஆனா திருடன் ஒரு மிஷினைத்தான் எடுத்துட்டுப் போனான். இந்தக் கதவு என் வேலையையே எடுத்துட்டுப் போகுது."

இஸ்கந்தர் ரோஹத்தைப் பார்த்துச் சொன்னான். "கழட்டிடுங்க அக்கா. சாம்பலையே வச்சிடுங்க. அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது மவ்ஜூதா."

ரோஹத் திருப்புளியை எடுத்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி? இன்னும் என்னமோ இருக்கே."

"ஒண்ணுமில்லக்கா. மாமியோட தொல்லை தாங்கலதான். ஆனா இந்த நாலஞ்சு நாள்தான் நான் நம்ம தெருவுல இருந்த மாதிரி இருந்துச்சு."

மவ்ஜூதா துடைத்த கிண்ணத்தையே மறுபடி துடைத்தாள்.

"வெள்ளையும் சாம்பலும் ஒண்ணோடொண்ணு பேசாதுன்னு கடைக்காரர் சொன்னாரு," என்றான் இஸ்கந்தர்.

"பேச வேணாம். ஆளுக்கொரு வேலை," என்றாள் ரோஹத். "கதவு சாம்பலுக்கு. மவ்ஜூதா பொத்தானை அழுத்தினா திறக்கும். தானா சாத்திப் பூட்டிக்கும், இனி சும்மா கிடக்காது. ரிமோட்டு நாலும் ரொட்டிக்கு வர்ற நாலு வீட்டுக்கு. மணியும் பேச்சும் வெள்ளைல இருக்கட்டும். வேலை இல்லாதப்போ பேசு, இருந்தா விட்டுடு. வாசல் விளக்கையும் உனக்கே கொடுத்துடறேன். அதை ஏத்தறது யாரு?"

"எங்க அப்பா ஏத்துவாரு. அப்புறம் நான்."

"அப்போ நீயே ஏத்து. இங்க ஆறு மணின்னா உனக்கு ராத்திரி பத்து. ஷிஃப்ட் முடிஞ்சிருக்கும்ல?"

"முடிஞ்சிருக்கும்."

மறுநாள் முழுக்க வேலை நடந்தது. ஹோஷிம் ஏணி பிடித்தான்; முடிந்ததும் முந்தின நாள் சுட்ட ரொட்டி இரண்டு கொடுத்தார்கள். மணப்பெண்ணின் தாயிடம் மவ்ஜூதா தானே போய் மன்னிப்புக் கேட்டாள். கொடுத்தனுப்பிய துணி அதே பொட்டலத்தில் தைக்கத் திரும்பி வந்தது.

மாத முடிவில், வேறொரு தெருவில் வேலை முடித்துவிட்டு ரோஹத்தும் ஹோஷிமும் அந்த வழியாக வந்தார்கள். இருட்டத் தொடங்கியிருந்தது. வாசல் விளக்கு எரியவில்லை.

"நிறுத்துங்க," என்றாள் ரோஹத். "வயர் எங்கேயாவது விட்டுப்போச்சோ?"

திறந்த கதவில் மவ்ஜூதா நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை ஓய்குல். சுவரில் பழைய விளக்கு ஸ்விட்ச் அவள் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை ரோஹத் கழற்றாமல்தான் விட்டிருந்தாள். மவ்ஜூதா அதைத் தொடவில்லை. தலையைத் தூக்கி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷிஃப்ட் இழுத்துடுச்சு போல," என்றான் ஹோஷிம். எஞ்சினை அணைத்தான்.

மூவருமாக அவரவர் இடத்தில் காத்திருந்தார்கள். ஆறு இருபதுக்கு விளக்கு எரிந்தது. மவ்ஜூதா குழந்தையை இறக்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.